ஒன்பதாம் நம்பர்

கொஞ்சம் அந்தக் கண்ணாடியை இழுத்து விடுங்கண்ணே. காத்துக்கு இல்ல. பஸ் டிரைவர் அடிக்கிற ஹாரன் அப்படியே நெஞ்சுல வந்து இறங்குது. முன்னாடியெல்லாம் எனக்கு இப்படிக் கிடையாது. பயம்னா என்னன்னே தெரியாத ஆளு நான், எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. இந்த ஒரு மாசமாத்தான். சத்தம் கேட்டா திக்குங்குது. சத்தமே கேக்கலைன்னா அதைவிட மோசமா இருக்கு.

நீங்க முசிறிதானே? அப்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. சொல்றேன். யார்கிட்டயும் சொல்லல. வீட்டுல சொல்லல, சாமியார்கிட்டகூடச் சொல்லல. நீங்க யாரோ, நான் யாரோ, இறங்கிப் போயிருவீங்க.

எம் பேரு இஞ்ஞாசிமுத்து. நாணல்துறை கதவணையில கம்ப்யூட்டர் ரூம்ல வேலை. ஆத்துக்குக் குறுக்க பாலம் மாதிரி கட்டி, பதினேழு கதவு வச்சிருக்கு. மேல தண்ணி கூடுனா கதவைத் தூக்கிக் கீழ விடணும். விடுறதுக்கு முன்னாடி சங்கு ஊதணும். கீழ ஆறு கிலோமீட்டருக்கு நாலு கம்பம் நட்டு, நாலு சங்கு. துணி துவைக்கறவங்க, மாடு கழுவறவங்க எல்லாம் அதைக் கேட்டுத்தான் கரையேறுவாங்க. அந்தச் சங்கை ஊதுறது மனுசன் இல்ல. ஒரு புரோகிராம். முன்னூத்தி நாப்பது பேருக்குப் போன்ல மெசேஜும் அதுதான் போடுது. அந்தப் புரோகிராமைப் பாத்துக்கறது நான்.

பாத்துக்கறதுன்னா என்னன்னு கேப்பீங்க. அது சும்மா பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், முகம் கிடையாது, பட்டன் கிடையாது. நேரா அதுகிட்ட பேச முடியாது. அதுக்கு மேல சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு, மிஷினையே ஆளுறது அதுதான். ஓடுற ஒவ்வொரு புரோகிராமுக்கும் அது ஒரு நம்பர் குடுத்து வச்சிருக்கும். இன்ன நம்பர்க்காரனுக்கு இன்ன சிக்னல் குடுன்னு நாம சிஸ்டத்துகிட்ட சொல்லுவோம். அது போய்த் தட்டும். சிக்னல்னா பெரிய பேச்சு ஒண்ணும் இல்லண்ணே, தோள்ல ஒரு தட்டு, அவ்வளவுதான். எந்தத் தட்டுக்கு என்ன செய்யணும்னு புரோகிராமுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருப்பாங்க.

எங்களுக்கு வேண்டியது மூணு சிக்னல். ஒண்ணாம் சிக்னல் குடுத்தா, எங்க புரோகிராம் போன் நம்பர் லிஸ்டைத் திரும்பப் படிச்சுக்கும். பதினஞ்சு குடுத்தா, 'நிறுத்திக்கோ'ன்னு அர்த்தம். ஆனா அது உடனே நிக்காது. கையில இருக்கற வேலையை முடிச்சு, சங்குக்குப் பிடிச்சு வச்சிருக்கற ரேடியோ லைனை விட்டுட்டு, ரெண்டாவதா ஒண்ணு ஓடிரக் கூடாதுன்னு போட்டிருக்கற பூட்டைத் திறந்து வச்சுட்டு, அப்புறம் போகும். அடுத்தது ஒன்பது.

ஒன்பதுன்னா புரோகிராமுக்குத் தட்டே விழாது. அதுக்குத் தெரியவே தெரியாது. சிஸ்டமே நேரா அதைத் தூக்கிரும். ஒரு வரி எழுதிக்கிட்டு இருந்தா பாதி எழுத்துல போச்சு. 'கொஞ்சம் இரு'ன்னு சொல்லக்கூட அதுக்கு வழி இல்ல.

எங்க ஜூனியர் இன்ஜினியர் மேடம், தாரகேஸ்வரின்னு ஒரு பொண்ணு. இருபத்தாறு வயசு. வந்த ரெண்டாம் நாளே என் மானிட்டருக்கு மேல சிவப்பு மையில ஒரு தாள் ஒட்டிருச்சு. 'ஒன்பது கடைசி. போடுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க.' பதினோரு வருசமா அந்த நாற்காலியில உக்காந்திருக்கறவன் நான். எனக்குத் தாள் ஒட்டுது. சரி, சின்னப் பொண்ணுன்னு விட்டேன்.

இது நடந்தது ஆவணி முதல் வாரம். காலையில ஒன்பதரைக்கு மேடம் ஒரு போன் நம்பரைக் குடுத்துச்சு. "சார், கீழ மணல் திட்டுல விழுப்புரம் பக்கத்து வாத்துக்காரங்க பட்டி போட்டிருக்காங்க. இதையும் லிஸ்டுல சேத்துருங்க. நேத்துப் போய்ச் சொல்லிட்டு வந்தேன், சங்கு ஊதாம தண்ணி வராது, ஊதினா உடனே மேல ஏறிரணும்னு." சேத்தேன். கடைசி நம்பரா போட்டேன். ஒண்ணாம் சிக்னல் குடுத்தேன். அழகா படிச்சுக்கிச்சு. நான் வேலை தெரியாதவன் இல்லண்ணே.

பத்தரைக்கு அஞ்சு கதவு திறக்கச் சொல்லி உத்தரவு. பத்து மணிக்குப் புரோகிராம் தானா எச்சரிக்கையை ஆரம்பிக்கும். மேடம் நீர்மட்டம் பாக்க மேல்பக்கத்து அளவுகோலுக்குப் போயிருச்சு. நான் தனியா இருக்கேன். பத்தாச்சு. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். சங்கு இல்ல.

பத்து ஒண்ணு. இல்ல. பத்து ரெண்டு. இல்ல. எப்பவும் டான்னு பத்துக்கு ஊதும். ஸ்கிரீன்ல ஒரே வரி நிக்குது, அசைய மாட்டேங்குது. அதுக்கு முந்தின மாசம் புரோகிராமை மாத்துனாங்களாம், அதுக்கப்புறம் தண்ணி விடுறது அன்னைக்குத்தான் முதல் தடவை. முதல்ல முன்னூத்தி நாப்பது பேருக்கும் மெசேஜ், அது முடியக் கால் மணி ஆகும், அப்புறம்தான் சங்குன்னு சுற்றறிக்கை வந்துச்சாம். என் கையெழுத்துகூட அதுல இருக்காம். இருக்கலாம். தினமும் பத்துத் தாள்ல கையெழுத்துப் போடுறேன், ஒவ்வொண்ணையும் படிச்சுக்கிட்டா இருக்க முடியும்?

எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு. பயம் இல்ல. ஒரு பொறுப்பு. சங்கு ஊதலைன்னா கீழ இருக்கற சனம் என்னாகும்? நாலு நிமிசம் பொறுத்தேன். பத்து ஆறுக்குப் பதினஞ்சு குடுத்தேன். நின்னா மறுபடி ஆரம்பிச்சு விடலாம்னு. நிக்கல. ஒரு நிமிசம் போச்சு. ரெண்டு நிமிசம் போச்சு. அந்த ரூம்ல ஃபேன் சத்தத்தைத் தவிர வேற சத்தம் இல்ல. செத்துப் போச்சு, மாட்டிக்கிச்சு, சொன்னதைக் கேக்கற நிலைமையில இல்லன்னு எனக்கு உறுதியா தெரிஞ்சுச்சு.

பத்து ஒன்பதுக்கு ஒன்பது போட்டேன். ஒரே நொடி. போயிருச்சு.

'அப்பாடா'ன்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். உடனே திரும்ப ஆரம்பிச்சு விட்டேன். என்ன சொல்லுது தெரியுமா? 'ஏற்கெனவே ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு'ன்னு சொல்லுது. செத்துப்போன புரோகிராம் பூட்டைத் திறக்காம போயிருச்சு. புதுசா வர்றது பூட்டைப் பாத்துட்டு வாசல்லயே நிக்குது. மறுபடி போட்டேன். அதே பதில். அந்தப் பூட்டு எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? புரோகிராம் செஞ்ச கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டு பாடுது. காத்திருங்கன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுது. திரும்பப் பாட்டு பாடுது.

அப்பவே மேடத்தைக் கூப்பிட்டிருக்கலாம்தான். கூப்பிடல. ஏன்னா, ஒருத்தரைச் சும்மா கலங்கடிக்கக் கூடாது பாருங்க. ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிட்டா விசயம் முடிஞ்சுது. அப்படித்தான் நெனச்சேன்.

பத்து இருபத்தஞ்சுக்கு மேடம் உள்ள வந்துச்சு.

"சார், சங்கு கேக்கலையே?"

"வந்துக்கிட்டு இருக்கு மேடம்" அப்படின்னேன்.

எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியலண்ணே. அந்தப் பொண்ணு என் முகத்தைப் பாத்துச்சு. ஸ்கிரீனைப் பாத்துச்சு. வாக்கிடாக்கியை எடுத்துக் காதுல வச்சா 'உஸ்ஸ்'ன்னு ஒரே இரைச்சல். சங்குக்கும் வாக்கிடாக்கிக்கும் ஒரே லைன். புரோகிராம் லைனைப் பிடிச்சு வச்சபடியே செத்துருச்சு, விடச் சொல்ல யாரும் இல்ல.

"ஒன்பது போட்டீங்களா?"

நான் கீபோர்டை நகத்தி வச்சேன்.

"சார். போட்டீங்களா இல்லையா?"

பேசல. அந்தப் பொண்ணுக்கு அது போதும். "பிச்சைமணி பலகை!" அப்படின்னுச்சு. அப்பத்தான் எனக்கும் உறைச்சுச்சு. பிச்சைமணிங்கறவர் கதவு தூக்கறவர். பாலத்தோட அந்தக் கடைசியில, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கூண்டுக்குள்ள உக்காந்திருப்பார். அங்க ஒரு சின்னப் பலகை இருக்கு. எச்சரிக்கை நடக்குதுன்னா பச்சை. ஏதாவது கோளாறுன்னா புரோகிராம்தான் அதைச் சிவப்பாக்கணும். பத்து மணிக்குப் பச்சையாக்கிட்டு, ஒன்பது வாங்கிட்டு, புரோகிராம் போய்ச் சேந்துருச்சு. பச்சை பச்சையாவே நிக்குது. பச்சை இருந்தா பத்தரைக்கு அவர் கதவைத் தூக்குவார். அவருக்குப் போன் போட்டோம். மோட்டார் சத்தத்துல அவருக்கு எந்தப் போன் கேட்டிருக்கு?

மேடம் செருப்பைக் கழட்டி எறிஞ்சுருச்சு. "நான் பாலத்துல ஓடுறேன். நீங்க வண்டியை எடுத்துக்கிட்டு வாத்துக்காரங்ககிட்ட போங்க. போங்க சார்!" என்னை யாரும் அப்படி அதட்டுனது இல்ல. அந்த நேரத்துல நான் அதைப் பெருசு பண்ணல.

மொபெட்டை எடுத்துக்கிட்டுக் கரை மேல போறேன். ஒன்றரை கிலோமீட்டர். திரும்பித் திரும்பிக் கதவணையைப் பாக்குறேன். கரையில வண்டியைப் போட்டுட்டு மணல்ல இறங்கி ஓடுறேன். எழுநூறு வாத்து மடுவுல மேயுது. கன்னியப்பன்னு அந்த ஆளு, மூங்கில் கழி ஊனி வலை கட்டிக்கிட்டு இருக்கான். சம்சாரம் பச்சையம்மா அடுப்புல சோறு வடிக்குது.

"தண்ணி வருது! மேல ஏறுங்க! ஏறுங்க!"ன்னு கத்துறேன்.

அவன் நிதானமா திரும்பிப் பாத்தான். "சங்கு ஊதலையேண்ணா?"

"சங்கு ஊதாதுய்யா! ரிப்பேர்! தண்ணி வருது!"

"நேத்து அந்தம்மா வந்து சொன்னாங்களே, சங்கு ஊதாம தண்ணி வரவே வராதுன்னு. போன்லயும் சேதி வரும்னாங்க. பாருங்க, வரல." சட்டைப்பையில இருந்து போனை எடுத்துக் காட்டுறான். "யாரோ எங்கள வெரட்டிவிடச் சொல்லி உங்கள அனுப்பியிருக்காங்க. ஏண்ணா, நாங்க யாருக்கு என்ன எடைஞ்சல் பண்ணோம்? மூச்சு வாங்குதே உங்களுக்கு. மொதல்ல தண்ணி குடிங்க."

செம்புல தண்ணி நீட்டுறாண்ணே. எனக்கு அழுகை வந்துருச்சு. நான் அந்தக் கதவணையில வேலை பாக்கறவன்டான்னு சொல்றேன், மார்ல அடிச்சுக்கிட்டுச் சொல்றேன். அவன் சிரிக்கிறான். அவனுக்குச் சங்கு மேல இருக்கற நம்பிக்கை மனுசன் மேல இல்ல. அந்த நம்பிக்கையை உண்டு பண்ணதே நாங்கதான்.

அதுக்குள்ள கதவணைப் பக்கம் 'கர்ர்'னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, ஒரு கதவுக்கு அடியில வெள்ளையா நுரை.

எனக்குப் புத்தி வேலை செய்யல. கை மட்டும் வேலை செஞ்சுச்சு. கூடாரத்துக்குள்ள ஒரு தகரப்பெட்டி இருந்துச்சு. அவங்க சொத்தெல்லாம் அதுக்குள்ளதான்னு பாத்தாலே தெரியும். அதைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டுக் கரையைப் பாத்து ஓட ஆரம்பிச்சேன்.

"திருடன்! ஏய்! திருடன்!"

கன்னியப்பன் கழியோட துரத்தறான். நான் விழுந்து எந்திரிச்சு ஓடுறேன். கரையோட பாதி உசரத்துல பிடிச்சுட்டான். கன்னத்துல ஒண்ணு விட்டான் பாருங்க, இன்னும் இந்தப் பக்கப் பல்லு ஆடுது. ரெண்டாவது அறைக்குக் கை ஓங்கினவன் அப்படியே நின்னுட்டான். பின்னாடி சத்தம். மழை ஓட்டு மேல விழுற மாதிரி. திரும்பிப் பாத்தான். மணல் காணோம். அடுப்பு காணோம். சோத்துப் பானை மிதந்து போகுது.

பச்சையம்மா துரத்திக்கிட்டு வரல. வாத்தைப் பாக்க மடுப்பக்கம் போயிருந்துச்சு.

நட்டாத்துல ஒரு சீமைக்கருவேல மரம் நின்னுச்சு. மரம்னு சொல்ல முடியாது, புதர். அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பொம்பளை நிக்குது. தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துச்சு. அப்புறம் மார் வரைக்கும் வந்துச்சு. கத்தல. அதுதான் எனக்குத் தாங்க முடியல. எங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கன்னியப்பன் குதிக்கப் போனான். நீச்சல் தெரியாதாம், அப்புறம்தான் சொன்னான். நான் பின்னாடி இருந்து ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். கடிச்சான், உதைச்சான். விடல. "விடுறா, அவ போயிருவா, விடுறா"ன்னு அவன் அழுவுறான். நான் மனசுக்குள்ள கணக்குப் போடுறேன். அஞ்சு கதவு உத்தரவு. ரெண்டாவது கதவு திறந்தா கழுத்து. மூணாவது திறந்தா அந்தப் புதரே இருக்காது.

நான் வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிடல, யாரையும் கூப்பிடல. அந்தப் பொண்ணு ஓடுறதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஓடிருக்கணும், ஓடிருக்கணும்னு.

ரெண்டாவது கதவு திறக்கல. பிச்சைமணி ரெண்டாவது கதவு சுவிட்ச் மேல கையை வச்சிருந்தப்ப மேடம் போய் அந்தக் கையைப் பிடிச்சுத் தள்ளிருச்சாம். பேச மூச்சு இல்லாம தரையில உக்காந்துருச்சாம். திறந்த ஒண்ணையும் இறக்கிட்டாங்க. ஆனா வந்த தண்ணி வடியணும்ல? நாப்பது நிமிசம். நாப்பது நிமிசம் அந்தப் பொம்பளை முள்ளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மிஞ்சுன வாத்தெல்லாம் அதைச் சுத்திச் சுத்தி நீந்திக்கிட்டு இருந்துச்சு. தண்ணி முழங்காலுக்கு வந்ததும் நாங்க இறங்கிப் போய்த் தூக்கிட்டு வந்தோம். உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு தொங்குது. முந்நூறு வாத்து வரவே இல்ல.

இன்னைக்குத்தான் திருச்சியில விசாரணை. அதுக்குத்தான் வந்தேன். மூணு அதிகாரி உக்காந்திருந்தாங்க. கம்பெனிக்காரன் ஒருத்தன் லாக் எடுத்துட்டு வந்திருந்தான். லாக்னா புரோகிராம் தன் கையால எழுதி வைக்கற குறிப்பு. வாசிச்சான். பத்து மணிக்கு ஆரம்பம். அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒவ்வொரு மெசேஜா. பத்து ஆறுக்கு, 'நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தது. கையில் உள்ளதை முடித்துவிட்டு நிறுத்துகிறேன்.' அதுக்கப்புறமும் மெசேஜ் போயிருக்கு. இருநூத்திப் பன்னெண்டாவது மெசேஜோட லாக் அந்தரத்துல நிக்குது. "இன்னும் ஆறு நிமிசம் ஓடியிருந்தா மெசேஜ் முடிஞ்சு சங்கும் ஊதியிருக்கும் சார்" அப்படிங்கறான். லாக் என்ன வேணா சொல்லும். பக்கத்துல இருந்து பாத்தவன் நான். மாட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"ஏன் நின்னுச்சு?"ன்னு பெரிய அதிகாரி கேட்டார். கம்பெனிக்காரன் கையை விரிச்சான். ஒன்பது வாங்குனா புரோகிராம் தன் லாக்ல ஒண்ணும் எழுதாது, எழுத அது உயிரோட இருந்தாத்தானே. நான் என்னென்ன டைப் பண்ணேன்னு மிஷின்ல ஒரு பட்டியல் இருக்கும். அதை நான் அன்னைக்குச் சாயந்திரமே துடைச்சுட்டேன். மிஷினைச் சுத்தமா வச்சுக்கறது என் பழக்கம்.

மேடத்தைக் கேட்டாங்க. "அந்த நேரம் நான் ரூம்ல இல்ல சார். கண்ணால பாக்காததை நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அவர் இருந்தார், அவரைக் கேளுங்க" அப்படின்னுச்சு. ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

நான் சொன்னேன், "தானா நின்னுருச்சு சார்."

எழுதிக்கிட்டாங்க. காரணம் தெரியவில்லைன்னு எழுதிக்கிட்டாங்க. தண்ணி திறக்கற நேரத்துல பொறுப்பு அதிகாரி ரூம்ல இல்லைன்னு மேடத்துக்கு மெமோ. அதுவும் நியாயம்தானே, இருந்திருக்கணும்ல? ஆனா அந்தப் பொண்ணு இப்ப எங்கூடப் பேசறதே இல்லண்ணே. ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒரு மாசமா ஒரு வார்த்தை இல்ல. அந்தச் சிவப்புத் தாளைக்கூட அதுவே கிழிச்சுருச்சு. திட்டுனா தாங்கிக்கலாம். பெத்த மக வயசுல இருந்துக்கிட்டு ஒரு பெரிய மனுசனை இப்படித் தண்டிக்கலாமா?

சரி, அதை விடுங்க. இப்ப ஒண்ணு நடந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

படியிறங்கிக் கீழ வர்றேன், வேப்பமரத்தடியில பச்சையம்மாவும் கன்னியப்பனும் நிக்கறாங்க. அவங்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. உள்ள பச்சையம்மா என்ன சொல்லியிருக்கு தெரியுமா? 'இந்த அண்ணன் ஓடியாரலேன்னா நாங்க ரெண்டு பேருமே இல்ல'ன்னு சொல்லியிருக்கு. கன்னியப்பன் அறைஞ்சதுக்கு என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கறான். அந்தம்மா கையில இன்னும் கட்டு. கட்டுப் போட்ட கையால ஒரு மஞ்சப்பையை நீட்டுச்சு. வைக்கோல் சுத்தி வாத்து முட்டை. இந்தா, கால்கிட்ட இருக்கு பாருங்க. வேணாம்னு சொல்ல வாய் வரல.

"நாளைக்குப் பத்தரைக்குத் தண்ணி விடுறாங்களாமேண்ணா?" அப்படின்னுச்சு.

"ஆமாம்மா" அப்படின்னேன். நாளைக்கு நான்தான் டூட்டி. அதே நாற்காலி.

"மறுபடி அங்கதாண்ணா பட்டி போட்டிருக்கோம். மிச்சம் இருக்கறதுங்க அந்த மடுவை விட்டு வர மாட்டேங்குதுங்க. சங்கு ஊதும்ல?"

"ஊதும்மா."

அதோட விட்டிருந்தா பரவால்ல. சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "ஊதாட்டியும் எங்களுக்குப் பயம் இல்லண்ணா. நீங்க ஓடியாந்துருவீங்கன்னு இவருகிட்ட சொல்லிட்டேன்."

நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். முசிறி வரப்போகுது, நீங்க இறங்கணும். இறங்கறதுக்கு முன்னாடி இதை மட்டும் சொல்லிட்டுப் போங்கண்ணே. நான் அந்தம்மாகிட்ட என்ன சொல்லியிருக்கணும்?